மீண்டும் முளைக்கும் விரல் – கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு ஊர் மணக்குடி. போன வருடம் மர மில்லில் என் தம்பிக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. காயல் நண்டுக்குக் கொடுக்கு ஒடிந்தால் திரும்ப முளைக்கும் என்று அப்பா சொல்வார், நானும் பார்த்திருக்கிறேன். இப்போது ஒருவர் வந்து, பல வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லை ஊசியில் போட்டால் மனிதனுக்கும் விரல் வளரும் என்று வீடியோ காட்டி நாலு லட்சம் கேட்கிறார். அம்மா தென்னந்தோப்பை விற்கலாம் என்கிறாள். நண்டுக்கு முளைப்பது நமக்கு முளைக்காதா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தோப்பு. அதை விற்க வேண்டாம். போன விரலை முழுதாக வளர வைக்கும் ஊசி இன்றைக்கு உலகத்தில் எங்குமே கிடையாது. இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

அப்பா சொன்னது சரி. நண்டு பெரும்பாலும் கொடுக்கையோ காலையோ தானே கழற்றி விடுகிறது. காலின் அடிப்பக்கம் அதற்கென்றே ஒரு பொருத்து இருக்கிறது. உள்ளே ஒரு சவ்வு இருப்பதால் ரத்தம் அதிகம் போகாது. பிறகு அதே இடத்தில் ஒரு மொட்டு வரும். சின்ன வயதில் பாட்டி நண்டு கழுவும்போது அப்படி ஒன்றைக் கிள்ளி எடுத்துப் பார்த்திருக்கிறேன். மெல்லிய பைக்குள், மடித்து வைத்த குடை போல, கணுக்களோடு ஒரு குட்டிக் கால். அடுத்த முறை நண்டு மேல் ஓட்டைக் கழற்றும்போதுதான் அது விரியும். பழைய அளவுக்கு வரப் பல தடவை ஓடு மாற்ற வேண்டும்.

ஆனால் நண்டு நமக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம். உங்கள் கேள்விக்குப் பொருத்தமான பிராணி சாலமாண்டர். பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்கு உறவு. நம் மலைகளில் இல்லை, இந்தியாவில் டார்ஜிலிங் பக்கமும் வடகிழக்கிலும்தான் உண்டு. அதற்கு நம்மைப் போலவே எலும்பு, தசை, நரம்பு எல்லாம் இருக்கிறது. வெட்டிய கால் அத்தனையோடும் திரும்ப வருவதை இத்தாலியரான ஸ்பல்லன்சானி 1768லேயே எழுதிவிட்டார்.

மெக்சிகோவின் ஆக்சலாட்டில் என்ற சாலமாண்டரில்தான் இதை அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். கால் போனதும் ஒரு நாளுக்குள் மேல்தோல் நகர்ந்து வந்து காயத்தை மூடுகிறது. நமக்கென்றால் அதற்கு அடியில் தழும்பு இறுகிவிடும். அதற்கு அப்படியில்லை. மூடிய தோலும் வெட்டுப்பட்ட நரம்பும் கீழேயுள்ள செல்களுக்கு ரசாயனச் செய்தி அனுப்ப, பல செல்கள் தாங்கள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு இளமைக்குத் திரும்பி, ஒரு குருத்தாகக் குவிகின்றன. அந்தக் குருத்துக்குப் பெயர் பிளாஸ்டீமா. நரம்பை அகற்றிவிட்டால் குருத்து வளராது. காயத்தைச் சுத்தம் செய்யும் மாக்ரோஃபேஜ் செல்களை நீக்கினால் ஆக்சலாட்டிலுக்கும் நம்மைப் போல் தழும்புதான் மிஞ்சும் என்று 2013ல் கண்டார்கள். இளமைக்குத் திரும்பினாலும் பழசு மறப்பதில்லை. தசையிலிருந்து வந்த செல் தசையாகவே ஆகும்.

இன்னொன்று எனக்கு எப்போதும் வியப்பு. மணிக்கட்டில் வெட்டினால் கை மட்டும் முளைக்கும், தோளில் வெட்டினால் முழுக்கையும் முளைக்கும். தான் எங்கே இருக்கிறோம் என்று அந்தக் குருத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவைக் குழப்பவும் முடியும். புவனேஸ்வரத்தில் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடியும் சக ஆய்வாளர்களும் வால் வெட்டிய தலைப்பிரட்டைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன. 1992ல் வெளிவந்த ஆய்வு இது. அவர் ஒடிசி நடனக் கலைஞரும்கூட.

நமக்கும் இந்தத் திறன் கொஞ்சம் இருக்கிறது. என் தங்கை மகளுக்கு மூன்று வயதில் கதவிடுக்கில் விரல் நுனி நசுங்கிப் போயிற்று. டாக்டர் தையல் போடாமல் கட்டு மட்டும் மாற்றிக்கொண்டே வந்தார். சில மாதத்தில் நகமும் நுனியும் வந்தன. இன்றைக்கு எந்த விரல் என்று அவளுக்கே சந்தேகம். இது அதிசயமல்ல, குழந்தைகளுக்கு இப்படி வளர்வதை 1974ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் நகத்தின் வேர் மிஞ்சியிருக்க வேண்டும். அதற்குக் கீழே வெட்டுப்பட்டால் வளராது. உங்கள் தம்பிக்கு நடந்தது அதுதான்.

அந்த வீடியோவில் தவளை வந்ததா? 2022ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐந்து மருந்துகளைப் பட்டுப் புரதக் கூழில் கலந்து, வளர்ந்த தவளையின் வெட்டிய காலில் 24 மணி நேரம் மட்டும் வைத்தார்கள். 18 மாதத்தில் கால் போன்ற ஒன்று வளர்ந்தது, ஓரளவு உணர்ச்சியும் இருந்தது. அரிய வேலைதான். ஆனால் முழுமையான கால் அல்ல, அதுவும் தவளையில். அங்கிருந்து உங்கள் வீட்டு வாசலில் ஊசியோடு வந்து நிற்க முடியாது.

வந்தவரிடம் ஒன்று கேளுங்கள்: இது எந்தப் பதிவு பெற்ற ஆய்வு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகள்படி, ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போல ஏற்கப்பட்டவை தவிர, மற்ற ஸ்டெம் செல் முறைகள் ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. நாலு லட்சம் கேட்டதே போதும், அவரை அனுப்பிவிடலாம்.

தம்பிக்குக் கட்டை விரல் இருக்கிறதா? அதை எழுதவில்லை. இல்லையென்றால், கால் விரலை எடுத்துக் கையில் பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு, பல வருடமாக நடப்பது. கட்டை விரல் இருந்தால் மிச்சமுள்ள விரலோடு பிடிமானத்துக்குப் பயிற்சி கொடுப்பார்கள். எந்தெந்த விரல், எந்தக் கணு வரை என்று பார்த்து எழுதுங்கள்.