50 ரூபாய் அபராதம் போதுமா?

விலங்கைக் கொன்றால் சிறைத்தண்டனை ஏற்கெனவே இருக்கும்போது, சட்டத்தை ஏன் இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொன்றால் இருக்கிறது, சரி. இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் 5 ஆண்டுவரை சிறை. ஆனால் அது கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது பற்றியது. கட்டிப்போட்டுக் கவனிக்காமல் விடுவதற்கு 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம்தான் கதி.

எங்கள் பின்வீட்டு மொட்டை மாடியில் ஒரு லாப்ரடார் இருந்தது. சங்கிலி இரண்டு முழம்கூட இருக்காது. சித்திரை வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர அதுவும் கூடவே நகரப் பார்க்கும், சங்கிலி விடாது. குட்டியில் மாட்டிய கழுத்துப்பட்டை சதைக்குள் இறங்கிச் சீழ் பிடித்திருந்தது.

காவல் நிலையம் போனேன். "நாங்களா விசாரிக்க முடியாது சார், மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும். கேஸ் நின்னாலும் 50 ரூபாய்தான் ஃபைன்" என்றார் அங்கிருந்தவர். அவர்மேல் தப்பில்லை, சட்டமே அப்படித்தான். அந்த 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் அபராதம். குற்றம் நடந்து 3 மாதம் தாண்டினால் வழக்கே தொடர முடியாது. கடைசியில் வீட்டுக்காரரிடம் கெஞ்சித்தான் நாயை வாங்கினோம். மயக்க ஊசி போட்டுத்தான் அந்தப் பட்டையை வெட்டி எடுத்தார் மருத்துவர். அன்றைய செலவில் ஒரு கட்டுத்துணிக்குக்கூட ஆகாது அந்த 50 ரூபாய்.

நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராகத் தனிநபர் மசோதா (அரசு அல்லாமல் ஓர் உறுப்பினரே முன்வைக்கும் மசோதா) கொண்டுவந்து போராடியதால் பிறந்த சட்டம் இது. அன்றைக்கு 50 ரூபாய் பெரிய தொகை. தண்டனையை உயர்த்தும்படி 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2022-இல் ஒரு வரைவுத் திருத்தம் வந்தது. கொடூர வதைக்குக் குறைந்தது 50,000 ரூபாய் அபராதம் என்றது.

எனக்குத் தொகையைவிட முக்கியம், பட்டினி போடுவதையும் கட்டிப்போட்டு வதைப்பதையும் போலீஸ் நேரடியாக விசாரிக்கும் குற்றமாக்குவது. அப்புறம் அந்த 3 மாதக் கெடு போக வேண்டும். பட்டை சதைக்குள் இறங்கவே மாதக்கணக்காகிறது.

இப்போது உங்கள் கண்ணெதிரே இப்படி ஒன்று நடந்தால், தேதியோடு படம் எடுத்து, எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். நான் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தேன். அந்த இரண்டு வாரமும் அது வெயிலில்தான் கிடந்தது.