பெயரை அழித்தால் போதுமா? மார்பகப் பரிசோதனை ஆய்வுகள்: கேள்வி-பதில்

முகாமில் எடுத்த 600 மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) படங்களில் பெயரை நீக்கிவிட்டோம். இனி அந்தப் பெண்களின் ஒப்புதல் தேவையில்லைதானே? (முதுகலை மாணவர், மதுரை)

பெயரை நீக்குவது வேறு, அடையாளத்தை நீக்குவது வேறு. இதை எத்தனை முறை எழுதுவது! மருத்துவப் படங்களைச் சேமிக்கும் டைகாம் கோப்பின் தலைப்பகுதியில் பிறந்த தேதி, மருத்துவமனை எண், படம் எடுத்த நாள் எல்லாம் இருக்கும். சில படங்களின் மூலையிலேயே வெள்ளை எழுத்தில் பெயர் பதிந்திருக்கும். தலைப்பகுதியைத் துடைத்தாலும் அது போகாது. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் என்னிடம் வந்த ஓர் ஆய்வேட்டின் அட்டவணையில் பெயரே இல்லை. ஆனால் ஒரு வரி: ‘வயது 43, தலைமை ஆசிரியை, வலது மார்பகம் அகற்றப்பட்டது.’ மேலே ஊர்ப் பெயர். அந்த ஊரில் இருப்பது ஒரே பள்ளி. அவர் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கலாம். அன்றே ஏட்டைத் திருப்பி அனுப்பினேன். வயதை ஐந்தாண்டுத் தொகுதியாக்குங்கள், ஊரை மாவட்டமாக்குங்கள். எந்தக் குறியீட்டு எண் யாருடையது என்ற பட்டியல் எங்காவது இருக்கும்வரை அது அடையாளம் நீங்கிய தரவு ஆகாது. ஒப்புதலுக்கு விலக்கு உண்டா என்பதைச் சொல்ல வேண்டியது குழு, நீங்கள் அல்ல.

தரவைச் சேகரித்து முடித்துவிட்டேன். இப்போது நெறிமுறை அனுமதி வாங்கலாமா?

முடியாது. முன்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை வழிகாட்டுதலைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறதாமே?

2023-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது நிபந்தனையுள்ள விலக்கு. அந்தத் தரவை வைத்துத் தனிநபர் குறித்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நெறிமுறைக் குழுவின் வேலை அப்படியே இருக்கிறது.

பாதிப் பெண்களுக்குப் பரிசோதனை செய்து, மீதிப் பேரை விட்டுவிடுவது நியாயமா? (வாசகி, தேனி)

நல்ல கேள்வி. மும்பையில் 1998-இல் தொடங்கிய ஆய்வில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். மறுபாதிக்கு விழிப்புணர்வுக் கல்வி மட்டும். 2021-இல் வெளியான முடிவில், 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பீடு இல்லாமல் இது தெரிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவரிடம் ‘உங்களுக்குப் பரிசோதனை கிடையாது, வெளியே செய்துகொள்ளத் தடையும் இல்லை’ என்று அவர் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். பலன் தெரிந்ததும் அவருக்கும் அது கிடைக்க வேண்டும். கைரேகை வாங்கிவிட்டால் ஒப்புதல் ஆகிவிடாது.

மனைவிக்குப் பதிலாகக் கணவர் கையெழுத்திடலாமா?

கூடாது.

அம்மா ஓர் ஆய்வில் இருக்கிறார். விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகச் சிகிச்சையைக் குறைக்கவும் கூடாது. ஏற்கெனவே அடையாளமின்றித் தொகுப்பில் சேர்ந்துவிட்ட தரவைப் பிரித்தெடுப்பது மட்டும் கடினம். ஒப்புதல் படிவத்தின் நகல் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே கேட்டு வாங்குங்கள். குழுவின் தொலைபேசி எண் அதில்தான் இருக்கும்.