‘பையன் கிளம்பிட்டான்’ என்று சொல்லாதீர்கள்

திருச்சி தில்லை நகரில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில் 16 வருடம் போன் ஆர்டர் எடுத்த அக்கா, இந்த வாரம் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

எனக்கு 21 வயது. சாயங்காலம் 6 மணியிலிருந்து 11 வரை ஃபாஸ்ட் ஃபுட் கடையில் போன் எடுக்கிறேன். ஆர்டர் கொடுத்த இருபதாவது நிமிடமே திரும்பக் கூப்பிட்டு, “அங்க என்னதான் பண்றீங்க?” என்று கத்துகிறார்கள். மாஸ்டரிடம் கேட்டால் அவரும் எரிந்து விழுகிறார். ராத்திரி படுத்தால் அந்தக் குரல்கள்தான் காதில் கேட்கின்றன. வேலையை விட்டுவிடலாமா அக்கா?
– வாசகி, திண்டுக்கல்

அம்மாடி, ராத்திரி குரல் கேட்பதை நினைத்துப் பயப்படாதே. முதல் வருடம் முழுக்க எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட நடுவில் போன் அடிப்பது மாதிரி இருக்கும். ஐந்து மணி நேரம் முகம் தெரியாதவர்களின் கோபத்தைக் காதோடு வாங்கினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த வாக்கியம், “பையன் கிளம்பிட்டான், அஞ்சு நிமிஷம்.” அரிசி சட்டியிலேயே விழுந்திருக்காது, ஆனால் பையன் கிளம்பியிருப்பான். உன் கடையிலும் இதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார்கள். நானும் இரண்டு வருடம் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஒன்பதாவது கிராஸிலிருந்து ஒருவர் நாலு தடவை கூப்பிட்டார். நாலு தடவையும் அதையேதான் சொன்னேன். ஐந்தாவது தடவை அவர் கத்தவில்லை. “அம்மாவுக்கு சுகர் ஊசி போட்டுட்டேன்மா. நீங்க அஞ்சு நிமிஷம்னு சொன்னதாலதான் போட்டேன். அவங்களுக்கு இப்ப வேர்த்துக் கொட்டுது” என்றார். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். “உடனே சர்க்கரைத் தண்ணி குடுங்கண்ணே” என்றேன். கை நடுங்கியது. அவர்கள் சரியாகிவிட்டார்கள் என்று அரை மணி கழித்து நானே கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். அன்றோடு அந்த வாக்கியத்தை விட்டேன்.

நாம் சொல்லும் ஐந்து நிமிடத்தை நம்பித்தான் அங்கே தட்டு வைக்கிறார்கள், குழந்தையைத் தூங்கவிடாமல் உட்காரவைக்கிறார்கள், மாத்திரை போடுகிறார்கள். அடுத்த தடவை அவர்கள் கத்துவது பசியில் மட்டும் இல்லை, நாம் அவர்களை ஏமாற்றிவிட்டோம் என்றுதான்.

அதனால் கணக்குப் போட்டுச் சொல். எங்கள் கடையில் ஒரு அடுப்பு. ஒரு சட்டியில் 3 பிளேட்தான் ஒழுங்காக வரும், அதற்கு மேல் போட்டால் ரைஸ் குழையும். சட்டிக்கு 5 நிமிடம். கம்பியில் குத்தியிருக்கும் சீட்டை எண்ணுவேன். கூப்பிட்டவரின் சட்டியையும் சேர்த்து 8 சட்டி இருந்தால் 40 நிமிடம், பார்சல் கட்ட 5, வண்டிக்கு 10. ஆக 55. “ஒரு மணி நேரம் ஆகும்ணே, பரவாயில்லையா?” என்று கேட்பேன். சிலர் வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். வைக்கட்டும், அவர்கள் வேறு கடையில் சாப்பிட்டுக்கொள்வார்கள். சரி என்றவர்கள் அந்த ஒரு மணி நேரம் கூப்பிட மாட்டார்கள்.

மாஸ்டரிடம் “ஆச்சா, ஆச்சா” என்று போய் நிற்காதே. தீக்கு முன்னால் நிற்பவருக்கு அது தாங்காது. கம்பியைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். ஏதாவது தாமதமானால், சிலிண்டர் தீர்ந்தது, வண்டி பஞ்சர் என்றால், அவர்கள் கூப்பிடும் முன்னால் நீ கூப்பிடு. நாமாகக் கூப்பிட்டுச் சொன்ன தாமதத்துக்கு என்னைத் திட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முதலாளி வேகமாகச் சொல்லச் சொன்னால் இதை அவரிடம் சொல். அமெரிக்காவில் டோமினோஸ் பீட்சா கம்பெனி, 30 நிமிடத்தில் கொண்டுவருவோம் என்று வாக்குக் கொடுத்து வியாபாரம் செய்தது. வண்டி ஓட்டுகிறவர்கள் அவசரத்தில் விபத்தில் சிக்கி, வழக்கு மேல் வழக்கு வந்து, 1993இல் அந்த வாக்கையே அங்கே கைவிட்டது. நம் கடைப் பையனும் அதே அவசரத்தில்தான் ராத்திரி வண்டியை முறுக்குகிறான்.

அப்புறம், நின்றுகொண்டேவா போன் எடுக்கிறாய்? துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்பவர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை தர வேண்டும் என்று வைத்தார்கள். நீயும் ஒரு ஸ்டூல் கேள். கால் வலி இருந்தால் குரலிலும் வரும். நிஜ நேரம் சொல்லவும் விடாமல், ஸ்டூலும் தராமல், திட்டையும் நீயே வாங்கிக்கொள் என்கிற கடையாக இருந்தால் யோசிக்காமல் விட்டுவிடு.

வெஜ் ரைஸ்தான் சொன்னேன் என்கிறார்கள், முட்டை போட்டுப் போய்விடுகிறது. அவர்கள் மாற்றிச் சொல்கிறார்களா, எனக்குத்தான் காது கேட்கவில்லையா?
– வாசகர், ஈரோடு

இரண்டும் இல்லை தம்பி, போன் அப்படி. சாதாரண போன் லைன் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான சத்தத்தைத்தான் கடத்துகிறது. ஸ், ஃப் மாதிரி மெல்லிய ஒலிகளில் பெரும் பகுதி அதற்கு மேலே இருப்பதால் அடிபட்டுப் போகிறது. இந்தப் பக்கம் கரண்டி சத்தம், அந்தப் பக்கம் டி.வி. சத்தம். ‘வெஜ்’ஜில் முதல் எழுத்து அமுங்கினால் ‘எக்’ போலத்தான் விழும்.

இது சின்ன விஷயம் இல்லை. சனிக்கிழமை விரதம் இருக்கிற வீட்டுக்கு முட்டை போனால் அவர்களுக்கு அது மனசு உடைகிற காரியம். அதனால் ‘வெஜ்’, ‘எக்’ என்ற இரண்டு சொல்லையும் நான் திருப்பிச் சொல்லவே மாட்டேன். “முட்டை போடலாமா, வேண்டாமா?” என்றுதான் கேட்பேன். அறுபது, எழுபது, எண்பது என்று கதவு எண் வந்தால் “ஏழு, பூஜ்யம்” என்று தனித்தனியாகச் சொல்வேன். தில்லை நகரில் கிராஸ் நம்பர் தெரிந்தால் மட்டும் போதாது, ஈஸ்டா வெஸ்டா என்று தெரியாவிட்டால் பையன் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பான். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழப்பம் இருக்கும். அது என்ன என்று வண்டி ஓட்டும் பையனிடம் கேளுங்கள், அவனுக்குத்தான் தெரியும்.

முழு ஆர்டரையும் ஒருமுறை திருப்பிச் சொல்ல 15 விநாடி ஆகும். சிலர் “அதான் சொன்னேன்ல” என்பார்கள். “தப்பா வந்துடக் கூடாதுண்ணே” என்று சொல்லிவிட்டு முழுசாகச் சொல்லி முடியுங்கள்.

மிலிட்டரி ஆபீசர் என்று ஒருவர் போனில் 40 பிளேட் பிரியாணி சொன்னார். பணம் அனுப்புவதற்கு என்று ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடச் சொல்கிறார். போடலாமா?
– கடைக்காரர், கரூர்

போடவே போடாதீர்கள் அண்ணே. யுபிஐ-யில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ராணுவத்தின் பெயரைச் சொல்லி ஓட்டல்காரர்களை ஏமாற்றுவது நாடு முழுக்க நடக்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பத்து பிளேட்டுக்கு மேல் என்றால் பாதிப் பணம் வந்து, உங்கள் பேங்க் கணக்கிலேயே பார்த்த பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அரிசி ஊறவைக்காதீர்கள்.

என் கடையில் போன் எடுக்கும் பெண்ணிடம் ஒரு வாடிக்கையாளர் ஆர்டர் சொல்லும் சாக்கில் அசிங்கமாகப் பேசுகிறார். வாரத்துக்கு மூன்று நாள் ஆர்டர் தருகிறவர். அந்தப் பெண்ணைப் பொறுத்துப்போகச் சொல்வதா, என்ன செய்வதென்று தெரியவில்லை.
– கடை உரிமையாளர், மதுரை

பொறுத்துப்போகச் சொல்லாதீர்கள். எனக்கு இது நடந்திருக்கிறது. “என்னம்மா, குரலே இனிக்குது” என்று ஆரம்பித்தது, ஒரு மாதத்தில் சொல்லக்கூடாத பேச்சில் வந்து நின்றது. அந்த நம்பரைப் பார்த்தாலே வயிறு கலங்கும். முதலாளியிடம் சொல்ல வெட்கப்பட்டு மூன்று வாரம் சும்மா இருந்தேன். உங்கள் கடைப் பெண் உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்றால், எவ்வளவோ யோசித்த பிறகுதான் சொல்லியிருப்பாள்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலை இடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பேசுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆவது பிரிவில் குற்றம். அந்தப் பெண், பெண்கள் உதவி எண்ணான 181-க்குக் கூப்பிட விரும்பினால் கடை போனையே கொடுங்கள். நேரம், தேதி எழுதிவையுங்கள், ரெக்கார்டு இருந்தால் அழிக்காதீர்கள்.

எங்கள் முதலாளி அதிகம் பேசுகிறவர் இல்லை. நான் சொன்ன அன்று, அந்த நம்பர் வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கினார். “இந்த நம்பருக்கு இனி எங்க கடையில சப்ளை கிடையாது” என்றார். வைத்துவிட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரில் அந்த நம்பரை எழுதி வட்டம் போட்டார். மாஸ்டரிலிருந்து பாத்திரம் கழுவும் அம்மா வரை எல்லோரும் பார்த்தார்கள். அன்று ராத்திரி கடை சாத்தும்வரை நான் பயமில்லாமல் போன் எடுத்தேன்.

அடுத்த முறை அந்த நம்பர் வரும்போது நீங்களே எடுங்கள்.