இலை அச்சு ஏன் கறையாகிறது?

கேள்வி: மூன்றாம் வகுப்பில் 32 பிள்ளைகள். போன வாரம் பள்ளித் தோட்டத்தில் இலை பறிக்கச் சொல்லி, அன்றே வண்ணம் பூசி அச்சு எடுக்க வைத்தேன். வந்ததெல்லாம் வெறும் கறை. நரம்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. பாதிப் பிள்ளைகள் அழாத குறை. 40 நிமிட பீரியடில் இதை உருப்படியாகச் செய்ய முடியுமா?
— தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: முடியும். ஆனால் ஒரே பீரியடில் வேண்டாம். இலை தேட ஒரு நாள், அச்சு எடுக்க மறுநாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் இரவு இலைகள் செய்தித்தாளுக்குள், கனமான புத்தகங்களுக்கு அடியில் கிடக்கட்டும். பறித்த கையோடு எடுத்தால் ஈரமும் சுருக்கமும் அச்சைக் கெடுக்கும். ஒரு வாரம் விட்டுவிட்டாலோ, அழுத்தும்போதே நொறுங்கிவிடும்.

முதல் நாள் வெளியே போனதும் இலை பறிக்கச் சொல்லாதீர்கள். ஒரு மீட்டர் நூலை இரு முனையும் முடிந்து தரையில் போட்டால், குறுக்கே ஏறக்குறைய ஓர் 30 செ.மீ. ஸ்கேலின் நீளம் இருக்கும் வட்டம் கிடைக்கும். இரண்டு பேருக்கு ஒரு வட்டம். ஐந்து நிமிடம் அதற்குள் இருப்பதை மட்டும் பார்க்கட்டும். எல்லை சின்னதாக இருப்பதால்தான் ஓடித் திரியும் பிள்ளையும் குந்தி உட்காரும்.

பிறகு, கீழே விழுந்த இலைகளில் ஆளுக்கு மூன்று. பிள்ளைகள் பழுதில்லாத இலையையே தேடுவார்கள். பூச்சி தின்றதையும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். சில இலைகளில் வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து நெளிந்து ஓடும். இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே ஒரு புழு தின்றுகொண்டே போன பாதை அது. ஒரு முனை நூல் போல மெலிந்திருக்கும். முட்டை பொரிந்த இடம் அங்கே. போகப் போகப் பாதை அகலமாகும், உள்ளே புழு வளர்ந்துகொண்டே போனதால். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எந்தப் பக்கம் தொடக்கம் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். பதிலை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

கிள்ளினால் பால் வடியும் செடி, சுணை உள்ள செடி, அரளி இவற்றின் பக்கம் போக வேண்டாம். முந்தைய நாளே தோட்டத்தை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

இனி அச்சு. உங்களுக்குக் கறையானதற்குப் பெரும்பாலும் காரணம் வண்ணம் அதிகமானதுதான். போஸ்டர் கலரில் தண்ணீர் மிகக் கொஞ்சம். கலக்கிய தூரிகையைத் தூக்கினால் சொட்டக் கூடாது. பூசுவதற்குத் தூரிகையே வேண்டாம். கட்டைவிரல் அளவு ஸ்பாஞ்சுத் துண்டால், நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கத்தில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். நரம்புகளுக்கு நடுவே வண்ணம் குட்டையாகத் தேங்கினால் அது பரவிப் போய் நரம்பின் கோட்டையே மூடிவிடும். மேல்பக்கம் வழவழப்பாக இருப்பதால் அங்கே பூசினால் வண்ணம் திட்டுத்திட்டாக ஒதுங்கும்.

வண்ணப் பக்கம் கீழே இருக்குமாறு தாளில் வைத்து, மேலே ஒரு துண்டு செய்தித்தாள். நடுநரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி விரலால் அழுத்தி, பத்து எண்ணிய பிறகு காம்பைப் பிடித்து நேராகத் தூக்க வேண்டும். தேய்த்தால் இலை நகர்ந்து இரட்டைக் கோடு விழும். முதல் அச்சு சரியில்லையென்றால் புதிதாக வண்ணம் பூசாமல் அதே இலையை இன்னொரு இடத்தில் வையுங்கள். பல நேரம் அந்த இரண்டாவது அச்சில்தான் சிறுநரம்பு வரை தெளிவாக விழும். அழப்போகிற பிள்ளைக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான்கு பேருக்கு ஒரு தட்டு, ஒரே வண்ணம், நான்கு ஸ்பாஞ்சுத் துண்டுகள். எட்டுத் தட்டுகள் போதும். மூன்று வண்ணம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் சேற்று நிறமாகிவிடும். முடித்தவர்கள், வண்ணம் பூசாத இலையை நரம்பு மேலே இருக்கும்படி தாளுக்கு அடியில் வைத்து, உறை உரித்த கிரேயானைப் படுக்கவைத்து மெல்லத் தேய்க்கலாம். அழுத்தித் தேய்த்தால் இங்கும் நரம்பு மறைந்துவிடும்.

இது கைவந்ததும் மண் வண்ணம் செய்து பாருங்கள். சிவந்த மண், கறுத்த மண், வெளிறிய மண் என்று இரண்டு மூன்று இடத்து மண்ணைக் காயவைத்து, பொடித்து, மெல்லிய துணியில் சலியுங்கள். இரண்டு ஸ்பூன் பொடிக்கு ஒரு ஸ்பூன் வெள்ளைப் பசை, ஒரு ஸ்பூன் தண்ணீர். பசை இல்லாவிட்டால் காய்ந்ததும் பொடியாக உதிரும். மண்ணுக்குச் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருகிறது, மக்கிய இலைதழையும் மண்ணைக் கறுப்பாக்கும். காய்ந்தால் நிறம் வெளிறும், அதனால் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டு வரையட்டும். மண் அடியில் படியும். ஒவ்வொரு முறை தொடும்போதும் கலக்க வேண்டும். தூரிகைகளைக் குழாயடியில் கழுவ விடாதீர்கள், மண் போய் அடைத்துக்கொள்ளும். வாளியில் கழுவி, தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றிவிடுங்கள்.