கிட்னி நரம்புக்கும் பிரஷருக்கும் என்ன தொடர்பு? கேள்வி பதில்

பிரஷர் என்றால் இதயமும் ரத்தக் குழாயும்தான் என்று நினைத்திருந்தேன். இதில் கிட்னி நரம்புக்கு என்ன வேலை?

உடம்பில் எவ்வளவு உப்பும் நீரும் தங்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் முடிவு செய்கிறது. அந்த முடிவில் மூளையும் தலையிடுகிறது. சிறுநீரகத் தமனியின் வெளிச்சுவரை ஒட்டி மெல்லிய பரிவு நரம்புகள் (பதற்றத்தின்போது உடம்பை முடுக்கிவிடும் நரம்புகள்) பின்னிக்கொண்டு போகின்றன. மூளையின் கட்டளை முதுகுத்தண்டு வழியாக வந்து இவற்றில்தான் இறங்குகிறது.

இந்த நரம்புகளை லேசாகத் தூண்டினாலே, சிறுநீரகத்தில் ரெனின் என்ற பொருள் அதிகம் சுரக்கும். அதன் விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக் குழாய்களை இறுக்கும். தூண்டல் கொஞ்சம் கூடினால், சிறுநீரில் போக வேண்டிய உப்பு ரத்தத்துக்கே திரும்பும். இன்னும் கூடினால்தான் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். அதாவது, ரத்த ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியாத நிலையிலேயே பிரஷரை ஏற்றும் வேலை தொடங்கிவிடலாம்.

மூளை சொல்கிறது, கிட்னி கேட்கிறது. அவ்வளவுதானே?

கிட்னியும் பேசும். பலரும் கவனிக்காமல் விடும் பாதி இது. ரத்தம் போதாமலோ நோயாலோ பாதிக்கப்பட்ட சிறுநீரகம், உணர்வு நரம்புகள் வழியாக மூளைக்குத் தகவல் அனுப்பும். மூளை பதிலுக்கு உடம்பு முழுவதும் பரிவு நரம்புகளை முடுக்கிவிடும்.

1992-இல் வந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில், பழுதான கிட்னி உடம்பிலேயே இருந்தவர்களுக்குப் பரிவு நரம்புகளின் வேகம் மிக அதிகமாக இருந்தது. இரண்டு கிட்னிகளும் அகற்றப்பட்டவர்களுக்கு அப்படி இல்லை. வேலை செய்யாத கிட்னிகூட மூளையை உசுப்பிக்கொண்டே இருக்கிறது!

மாற்றுக் கிட்னி வைக்கும்போது நரம்பை இணைப்பதில்லையே, அது எப்படி வேலை செய்கிறது?

நல்ல கேள்வி. ரத்தத்தை வடிகட்ட நரம்பு தேவையில்லை. நரம்பு செய்வது கூட்டிக் குறைக்கும் வேலை மட்டும். அப்படியும் மாற்றுக் கிட்னி பெற்ற பலருக்குப் பிரஷர் இருக்கிறது. ஸ்டீராய்டும், உடல் கிட்னியை நிராகரிக்காமலிருக்கத் தரும் சில மருந்துகளும் அதற்கு முக்கியக் காரணங்கள். உள்ளேயே விட்டுவைக்கப்பட்ட பழைய கிட்னிக்கும் பங்கு உண்டு.

குறட்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வெறும் குறட்டை என்றால் அவ்வளவாக இல்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் நிச்சயம் உண்டு. ஒவ்வொரு முறையும் பரிவு நரம்புகள் தூண்டப்படும். பகலிலும் அது முழுதாக அடங்காது. பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு மூன்று மாத்திரை போட்டும் 160-க்குக் கீழே இறங்கவில்லை, டாக்டர். கிட்னி நரம்பைச் சுட்டுவிடும் சிகிச்சை செய்யலாமா?

முதலில் இதன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல மாத்திரைகள் வருவதற்கு முன்பு, பரிவு நரம்புகளை அறுவை செய்தே வெட்டினார்கள். பிரஷர் குறைந்தது. ஆனால் எழுந்து நின்றாலே மயக்கம் வரும் அளவுக்குப் பக்கவிளைவுகள் இருந்தன. இப்போது தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, ரேடியோ அலையாலோ அல்ட்ராசவுண்டாலோ சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்பை மட்டும் சூடாக்கிச் செயலிழக்கச் செய்கிறார்கள். 2009-இல் வந்த முதல் முடிவுகள் பெரிய நம்பிக்கை தந்தன. 2014-இல் ஒரு பிரிவினருக்குப் போலிச் சிகிச்சை செய்து ஒப்பிட்டபோது, நிஜச் சிகிச்சையில் மேல் அளவு சுமார் 14 புள்ளி இறங்கியது, போலியில் சுமார் 12. அந்த வித்தியாசத்தை வைத்துப் பலன் உண்டு என்று சொல்ல முடியவில்லை. கருவியையும் ஆய்வு முறையையும் திருத்திச் செய்த பிந்தைய ஆய்வுகள் சிலவற்றில், போலியைவிடச் சில புள்ளிகள் கூடுதலாக இறங்கியது உறுதியானது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்தச் சிகிச்சைக்கான இரண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது.

எனவே பலன் உண்மை, அளவு நடுத்தரம். ஒரு மாத்திரை தரும் பலனுக்கு ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு நன்றாக இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் வழியில்லை.

அதனால் அம்மாவுக்கு முதலில் வேறு சில விஷயங்களைப் பாருங்கள். மாத்திரையை விடாமல் போடுகிறாரா? வீட்டில் அளந்தாலும் 160-தானா? மூன்றில் ஒன்று நீர் பிரியும் மாத்திரையா? மூட்டு வலிக்கு வலிநிவாரணி சாப்பிடுகிறாரா? உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனின் அளவு, சிறுநீரகத் தமனி அடைப்பு இரண்டையும் பார்த்தார்களா? நான்காவதாக ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையைச் சேர்த்தாலே பலருக்கு இறங்கிவிடும். ஆனால் பொட்டாசியத்தைக் கண்காணிக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் இறங்காவிட்டால் நரம்புச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். கிட்னி செயல்பாடு மிகக் குறைந்திருந்தாலோ தமனியின் அமைப்பு ஒத்துவராவிட்டாலோ அது பொருந்தாது.

செய்துகொண்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பெரும்பாலானவர்களால் முடியாது. நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.

மாத்திரையாலேயே இந்த நரம்பை அடக்க முடியாதா?

ஓரளவு அடக்கலாம். பீட்டா பிளாக்கர், நரம்பு சொல்லி ரெனின் சுரப்பதைக் குறைக்கும். '-பிரில்', '-சார்டன்' என்று முடியும் மாத்திரைகள் ஆஞ்சியோடென்சின் வழியை அடைக்கும். நீர் பிரியும் மாத்திரை, தேங்கிய உப்பை வெளியேற்றும். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் இவற்றில் பலவும் இன்னும் நன்றாக வேலை செய்யும்.