மகள் சொன்ன நஷ்டக் கணக்கு: பங்கை இப்போதே விற்கலாமா?

கேள்வி: மண்டபம் தோணித்துறையில் விசைப்படகு வைத்திருக்கிறேன். ஒரு மின் நிறுவனத்தின் பங்குகளைப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். இன்று மூன்று லட்சம் தேறும். அதே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில்தான் என் மகள் வேலை பார்க்கிறாள். இந்த ஆண்டு பெரிய நஷ்டம் என்று போனில் பேச்சுவாக்கில் சொன்னாள். முடிவுகள் இன்னும் வெளிவரவில்லை. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி எஞ்சின் வேலை நடக்கிறது, பணம் தேவை. நான் அங்கே ஊழியர் இல்லையே, விற்கலாமா?

பதில்: விற்காதீர்கள். முடிவு வெளியாகும்வரை ஒரு பங்கைக்கூடத் தொடாதீர்கள்.

ஊழியர் இல்லை என்ற வாதம் எடுபடாது. வெளியாகாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் கையில் இருக்கிறதா என்பதைத்தான் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிகள் (நிறுவனத்தின் உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுப்பவை) பார்க்கின்றன. நிதிநிலை முடிவுகள் அந்தப் பட்டியலில் முதலில் நிற்கின்றன. 2024 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு, ஊழியரின் பெற்றோரும் 'தொடர்புடைய நபர்', அதாவது உள்தகவல் கிடைக்கக்கூடியவர், ஆகிவிடுகிறார்கள். தகவல் தெரியாமல்தான் விற்றேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

படகுக்காகத்தான் பணம் கேட்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் தகவல் தெரிந்த நிலையில் விற்றால், காரணமும் பணத்தை எதற்குச் செலவிட்டீர்கள் என்பதும் கணக்கில் வராது என்று விதியின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. லாபம் பார்த்தால்தான் குற்றம் என்று நினைப்பவர்கள் ஏராளம். நஷ்டத்திலிருந்து தப்புவதும் அதே குற்றம். உங்கள் பங்கை வாங்கப்போகிறவரும் உங்களைப் போல் சேமிப்பைப் போடுகிற ஒருவர்தான். உங்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது.

செபி சட்டத்தின் 15ஜி பிரிவில் அபராதம் 10 லட்சம் ரூபாயில் தொடங்குகிறது. மேல்வரம்பு 25 கோடி அல்லது லாபத்தின் மூன்று மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. சிறைத் தண்டனைக்கும் அதே சட்டத்தில் இடமுண்டு.

எனக்கு உங்களைவிட உங்கள் மகளைப் பற்றித்தான் கவலை அதிகம். நீங்கள் விற்காவிட்டாலும் அவர் அதைச் சொன்னதே விதிமீறல். இதை வேறு யாரிடமும், உறவினரிடம்கூட, பேசாதீர்கள். இனி அலுவலகக் கணக்கு எதையும் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் நேரில் சொல்லுங்கள்.

நாட்காட்டி உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. மார்ச் 31இல் முடியும் ஆண்டின் கணக்கை நிறுவனம் 60 நாட்களுக்குள், அதாவது மே 30க்குள் வெளியிட்டாக வேண்டும். அதன்பின் 48 மணி நேரம் பொறுங்கள். ஊழியர்களுக்கான வர்த்தகத் தடையும் அப்போதுதான் விலகும். விற்றால் அடுத்த வர்த்தக நாளில் பணம் வந்து சேரும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஜூன் 14 வரை என்பதால், படகு இறங்குமுன் கையில் பணம் இருக்கும். விலை குறைந்திருக்கலாம், அதை ஏற்கத்தான் வேண்டும். எஞ்சின்காரருக்கு இப்போது முன்பணம் மட்டும் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் நகைக்கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவு வெளியாகும் தேதியை மகளிடம் கேட்க வேண்டியதில்லை. இயக்குநர் குழுக் கூட்டத்தின் தேதியை நிறுவனம் முன்கூட்டியே பங்குச் சந்தைக்குத் தெரிவிக்கும். என்எஸ்இ, பிஎஸ்இ இணையதளங்களில் யாரும் பார்க்கலாம்.