பெரிய கம்பெனி தயவில்லாமல் ஒரு ப்ளூஸ் அண்ட் ரூட்ஸ் இசைக்குழு ஆஸ்திரேலியாவில் எப்படி நிலைக்கிறது?

கேள்வியோடு கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: மூன்று பேர், மெல்பர்ன், பப்களில் வாசிக்கிறார்கள், சொந்தப் பாட்டு பத்து கைவசம், லேபிள் (பாட்டை வெளியிடும் கம்பெனி) கிடையாது. அடுத்து என்ன செய்வது, பணம் எங்கிருந்து வரும்?

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸுக்கும், நாட்டுப்புற வேர்கொண்ட ரூட்ஸுக்கும் ஆள் சேர்வது மெதுவாகத்தான். முதல் ஆல்பத்தில் யாரும் சம்பாதிப்பதில்லை. ஆனால் நல்ல பாட்டு பத்து வருடம் கழித்தும் மேடையில் ஓடும், வானொலியில் வரும். அதனால் பாட்டின் உரிமையையும் ஒலிப்பதிவின் உரிமையையும் முதல் நாளிலிருந்தே கைவிடாத குழுதான் நிலைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதற்கு ஆஸ்திரேலியாவிலேயே முன்னுதாரணம் உண்டு. தி வெய்ஃப்ஸ் குழுவை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியைச் சேர்ந்த இரு சகோதரிகள் 1992இல் தொடங்கினார்கள். வேனில் நாடு முழுக்கச் சுற்றி, ஊர் ஊராக வாசித்துத்தான் ஆள் சேர்த்தார்கள். ஜான் பட்லர் ஃப்ரீமேன்டில் தெருக்களில் வாசித்துக் கேசட் விற்றவர். வெய்ஃப்ஸும் பட்லரும், மேலாளர் ஃபில் ஸ்டீவன்ஸோடு சேர்ந்து 2002இல் ஜாரா ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த லேபிளை ஆரம்பித்தார்கள். கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை மட்டும் எம்ஜிஎம் என்ற விநியோக நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 2004இல் ஜான் பட்லர் ட்ரையோவின் 'சன்ரைஸ் ஓவர் சீ', ஏரியா என்ற ஆஸ்திரேலிய ஒலிப்பதிவுத் துறைச் சங்கத்தின் ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. விநியோகம் வேறு, உரிமை வேறு என்ற அந்தப் பிரிப்பை அப்படியே பின்பற்றலாம்.

இப்போது காகித வேலை. பாட்டு எழுதிய அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். ப்ளூஸில் இந்தத் தகராறு அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது: பன்னிரண்டு பார் அமைப்பு (பன்னிரண்டு தாளச் சுற்றுகள் கொண்ட ப்ளூஸின் வழக்கமான வடிவம்) எல்லோருக்கும் பொது, பாட்டு பெரும்பாலும் ஜாமில், அதாவது சேர்ந்து உட்கார்ந்து மனம்போல வாசிக்கும்போது பிறக்கிறது, பாட்டுக்குப் பெயர் வாங்கித்தரும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கு) சில சமயம் பேஸ் வாசிப்பவருடையது. இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு நினைவு இருக்கும். ஒலிப்பதிவின் உரிமைக்குத் தனிக் காகிதம் வேண்டும். ஸ்டுடியோவுக்கு முழுத் தொகையும் கொடுத்தவுடன் மாஸ்டர் என்கிற மூல ஒலிப்பதிவு குழுவுக்கே சொந்தம், 24 பிட் வேவ் கோப்புகளும் தனித்தனி ட்ராக்குகளும் குழுவிடம் ஒப்படைக்கப்படும் என்று எழுதி வாங்குங்கள். நட்புக்காக இலவசமாக ஹார்மோனிகா வாசித்துக் கொடுத்தவரிடமும் ஒரு வரி எழுதி வாங்கிவிட வேண்டும்.

பழைய பாட்டு எடுத்தால் இன்னொரு கண்ணி. 'பழைய ப்ளூஸ் எல்லாம் யாருக்கும் சொந்தமில்லை' என்று பலர் நினைக்கிறார்கள். ராபர்ட் ஜான்சன் 1938இல் இறந்தார். ஆனாலும் அவருடைய இரண்டு பாட்டுகளை ரோலிங் ஸ்டோன்ஸ் பதிவு செய்தது தொடர்பான வழக்கில், அவற்றின் உரிமை காலாவதியாகவில்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். எனவே பதிவுக்கு முன், பாட்டெழுதியவர்களுக்கான உரிமப் பணத்தைத் திரட்டிக் கொடுக்கும் ஆப்ரா ஆம்காஸ் அமைப்பின் பாடல் பட்டியலில் தேடிப் பாருங்கள். உரிமையாளர் இருந்தால் சிடி, வினைல் அச்சடிப்பதற்கு முன்பே உரிமம் எடுத்துவிடுங்கள். உண்மையாகவே மரபுப் பாட்டு என்றால் மட்டும் 'மரபு, இசை ஏற்பாடு இன்னார்' என்று பதியுங்கள்.

ஆப்ராவில் சேரக் கட்டணமில்லை. ஆனால் சேர்ந்தால் மட்டும் மேடைப் பணம் வந்துவிடாது. இசைக்காகப் பப்களும் அரங்குகளும் கட்டும் உரிமத் தொகையில் உங்கள் பங்கு வேண்டுமென்றால், எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்தெந்தச் சொந்தப் பாட்டை வாசித்தீர்கள் என்று நீங்களே பதிவேற்ற வேண்டும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் நிதியாண்டுக்குக் கணக்கு. கெடு தாண்டினால் அந்த வருடப் பணம் போனதுதான். நிகழ்ச்சி முடிந்த இரவே செட்லிஸ்ட்டை (வாசித்த பாட்டுகளின் வரிசைப் பட்டியலை) போனில் படமெடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டு வைப்பது எளிய வழி. இன்னொருவரின் நிகழ்ச்சிக்குத் தொடக்கக் குழுவாக அரை மணி நேரம் வாசித்ததையும் சேர்க்க மறக்காதீர்கள். இது பாட்டெழுதியவருக்கான பணம். ஒலிப்பதிவு வானொலியிலோ கடையிலோ ஒலித்தால் வருவது வேறு பணம், அதற்கு பிபிசிஏ என்ற தனி அமைப்பு. இரண்டிலும் பதிய வேண்டும்.

ஏபிஎன் என்கிற ஆஸ்திரேலிய வணிக எண் இல்லாமல் யாருக்கும் இன்வாய்ஸ் அனுப்ப வேண்டாம். எண் இல்லையென்றால் பணம் தருபவர் 47 சதவீதம் பிடித்துக்கொள்ளச் சட்டம் சொல்கிறது. ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு 75,000 டாலரைத் தொட்டால்தான் கட்டாயம்.

அடுத்து மேடை. 'டிக்கெட்டில் 80 சதவீதம் உங்களுக்கு' என்று பப்காரர் சொன்னால், எதில் 80 என்று உடனே கேளுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 டாலர் டிக்கெட், 80 பேர், மொத்தம் 2,000. விற்பவர் ஜிஎஸ்டி கட்டுபவராக இருந்தால் பதினொன்றில் ஒரு பங்கு போகும், மீதி 1,818. சவுண்ட் இன்ஜினியருக்கு 300, தொடக்கக் குழுவுக்கு 150 கழித்தால் 1,368. அதில் 80 சதவீதம் 1,094. பெட்ரோலும் தங்கும் அறையும் 400 என்று வைத்தால் மிச்சம் 694, ஆளுக்கு 231. பேசிய இரவில் மனதில் ஓடியது 1,600, கையில் வந்தது அதில் பாதிகூட இல்லை. ஆகவே கழிவுகள் என்னென்ன, யார் கட்டுவது, எத்தனை இலவச டிக்கெட், எந்த நேரம் பணம் கைக்கு வரும் என்பதையெல்லாம் முன்கூட்டியே மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். வெளியூர் என்றால் செலவை ஈடுகட்டும் அளவுக்காவது உத்தரவாதத் தொகை கேளுங்கள், அதற்கு மேல் வருவதில் பங்கு. கொடுக்கத் தயங்கும் இடத்துக்கு 400 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போவதில் அர்த்தமில்லை.

ஆஸ்திரேலியாவில் தூரம்தான் பெரிய எதிரி. பெர்த்திலிருந்து சிட்னிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். மெல்பர்ன் குழு என்பதால் கிழக்குக் கரையை மட்டும் குறிவைப்பது புத்திசாலித்தனம். விழாக்களே ஒரு பாதையைப் போட்டுக் கொடுக்கின்றன: டிசம்பர் கடைசியில் குயின்ஸ்லாந்தின் வுட்ஃபோர்ட், ஜனவரியில் மலைமேல் த்ரெட்போ, மார்ச்சில் விக்டோரியாவின் போர்ட் ஃபேரி, மே மாதம் கோல்ட் கோஸ்டில் நடக்கும் பிராட்பீச் ப்ளூஸ் விழா. 1990இல் தொடங்கிய பைரன் பே ப்ளூஸ்ஃபெஸ்ட் ஈஸ்டர் வாரத்தில் நடந்துவந்த விழா. இவற்றில் ஒன்று கிடைத்துவிட்டால், போகும் வழியிலும் வரும் வழியிலும் இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்துக்கு ஒன்றாகச் சிறிய நிகழ்ச்சிகளைக் கோத்துவிடலாம். விழாக்காரர்கள் ஒப்பந்தம் தரும்போது 'இத்தனை கிலோமீட்டருக்குள், இத்தனை வாரத்துக்குள் வேறெங்கும் வாசிக்கக் கூடாது' என்ற ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் படிக்காமல் பக்கத்து ஊரில் நிகழ்ச்சி வைத்துவிட்டு விழாவையே இழப்பது நடக்கிற கதை. விண்ணப்பங்கள் ஆறு முதல் பத்து மாதம் முன்பே போக வேண்டும். மூன்று நிமிட நேரடி வீடியோ ஒன்று போதும், ஆனால் ஒலி சுத்தமாக இருக்க வேண்டும். தேர்வு செய்பவர் ஸ்டுடியோ பாட்டைவிட மேடையில் எப்படி என்றுதான் பார்க்கிறார்.

மேடை ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மூவர் குழுவைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். அகூஸ்டிக் கிட்டார், காலால் தட்டும் ஸ்டாம்ப் பாக்ஸ், பேஸ் மூன்றும் ஒரே இடத்தில் மோதுகின்றன. அகூஸ்டிக் கிட்டாரின் உடம்பு 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் தானாகவே அதிரும். ஸ்டாம்ப் பாக்ஸின் பலமும் அங்கேதான். காலால் தட்டத் தட்ட ஸ்பீக்கர் கிட்டாரை அதிரவைக்கும், கிட்டார் ஊமென்று ஊளையிட ஆரம்பிக்கும். இன்ஜினியர் வழக்கமாகச் செய்வது, கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாக வெட்டிவிடுவது. சாதாரண ட்யூனிங்கில் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ், அது ஓரளவு தாங்கும். ஆனால் ஸ்லைடுக்காக (தந்திமேல் குழாயை வழுக்கி வாசிப்பதற்காக) ஓப்பன் சி ட்யூனிங்குக்கு, அதாவது தந்திகளைத் தளர்த்தி சி ஸ்வரக் கூட்டில் சேர்க்கும் முறைக்குப் போனால் அடித்தந்தி 65 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வெட்டியபின் அந்தக் கம்பீரம் முழுக்கக் காணாமல் போய்விடும். சரியான வரிசை இது: முதலில் ஒலித்துளைக்கு ரப்பர் மூடி. அடுத்து கிட்டார் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பில், ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை மாற்றிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம். பிறகு ஊளை வரும் புள்ளியை மட்டும் குறுகலாக வெட்டுங்கள். கீழ்வெட்டு 60 ஹெர்ட்ஸுக்கு மேல் போக வேண்டாம். ஸ்டாம்ப் பாக்ஸ் ஒலியைக் கிட்டார்காரரின் மானிட்டரில் (வாசிப்பவர் கேட்பதற்கான மேடை ஸ்பீக்கரில்) போடவே வேண்டாம், காலுக்கு எப்படியும் தெரியும். ஓப்பன் சிக்கு வழக்கமான 53 தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் 53 பங்கு) அடித்தந்தி தொளதொளவென்று ஆகி ஃப்ரெட்டில் அடிக்கும். 56 முதல் 60 வரை போடுங்கள். பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங் மாற்றாமல் இரண்டாவது கிட்டார் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. அது முடியாதென்றால் ஒரே ட்யூனிங்கில் இருக்கும் பாட்டுகளைச் செட்லிஸ்ட்டில் அடுத்தடுத்து வையுங்கள்.

சிடி, டீஷர்ட் விற்கும் மெர்ச் மேசையை ஓரத்தில் கிடக்கும் பொருளாக நினைக்க வேண்டாம், மேலே சொன்ன 231 டாலரை இரட்டிப்பாக்குவது அதுதான். ப்ளூஸ் கேட்பவர்களில் வயதானவர்கள் நிறைய, அவர்கள் இன்னும் சிடி வாங்குகிறார்கள். கடைசிப் பாட்டு முடிந்து கைத்தட்டல் ஓய்வதற்குள் மேசைக்குப் பின்னால் ஆள் இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கூட்டம் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடும். பாடியவர் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தால் விற்பனை பாதியாகும். சுருட்டுவது மற்ற இருவரின் வேலை. ஐம்பது டீஷர்ட் அடித்தால் எஸ் 6, எம் 13, எல் 15, எக்ஸ்எல் 11, டபுள் எக்ஸ்எல் 5 என்று பிரியுங்கள். சம எண்ணிக்கையில் அடித்தால் எஸ் மட்டும் பெட்டியில் தூங்கும். கிராமப்புற அரங்குகளில் சிக்னல் இருக்காது, ஆஃப்லைனில் வேலை செய்யும் கார்டு ரீடரும் ஐந்து, பத்து டாலர் சில்லறையும் வேண்டும். பெரிய அரங்குகள் விற்பனையில் பங்கு கேட்பதுண்டு. அதையும் முன்பே கேளுங்கள். வினைல் அச்சடித்தால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்குள் நிறுத்துங்கள், மீறினால் ஒலி மெலியும். டெஸ்ட் பிரஸ்ஸிங் என்கிற மாதிரி இசைத்தட்டை மூவருமே முழுதும் கேட்டபிறகுதான் சம்மதம் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரீமிங்கில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாவிட்டால் பணமே கிடையாது. வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள், ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண்ணை ஏரியாவிடமிருந்து நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், நாளை விநியோகஸ்தரை மாற்றினாலும் எண் உங்களுடையது. அதைவிடச் சமூக வானொலிக்கு நேரம் கொடுங்கள். அந்த நிலையங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன, பலவற்றில் வாரந்தோறும் ப்ளூஸ் நிகழ்ச்சி உண்டு, நடத்துபவர்கள் இந்த இசைமேல் உயிராக இருக்கும் தன்னார்வலர்கள். அந்த நிலையங்களுக்குப் பாட்டுகளைக் கொண்டுசேர்க்கும் ஆம்ராப் சேவையில் பாட்டை ஏற்றிவிட்டு, நீங்கள் வாசிக்கப் போகும் ஊரின் நிலையத்துக்கு மூன்று வாரம் முன்பு பேட்டி கேட்டுத் தனியாக எழுதுங்கள். அந்த ஒரு பேட்டியில் வரும் இருபது பேர் உங்களைக் கேட்கவென்றே வருபவர்கள்.

ப்ளூஸ் போட்டிக்காக அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகருக்குப் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். ப்ளூஸ் ஃபவுண்டேஷன் 1984 முதல் நடத்தும் சர்வதேசப் போட்டி அந்நகரின் பீல் தெருக் கிளப்களில் நடக்கிறது. உறுப்பினராக உள்ள ப்ளூஸ் சங்கம் ஒன்று அனுப்பினால்தான் கலந்துகொள்ள முடியும், உங்கள் ஊரில் மெல்பர்ன் ப்ளூஸ் அப்ரிசியேஷன் சொசைட்டி அதற்கான போட்டியை நடத்துகிறது. ஆஸ்திரேலியாவின் ஃபியோனா பாய்ஸ் 2003இல் தனிநபர், இருவர் பிரிவில் வென்றார். மதிப்பெண்ணில் ப்ளூஸ் தன்மைக்கே முதலிடம், ராக் பக்கம் சாயும் ரூட்ஸ் குழு அங்கே திணறும். நேரம் தாண்டினாலும் மதிப்பெண் குறைப்பார்கள். சங்கத்தின் உள்ளூர்ச் சுற்றில் கட்டாயம் கலந்துகொள்ளுங்கள், நடுவர்கள் பலர் விழாக்களுக்கு ஆள் தேடுபவர்கள். ஆனால் விமானச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டாம். ஜெயித்து, அமெரிக்காவில் யாராவது கம்பெனிக்காரர் வந்து பேசினால், அந்த நாட்டுக்கு மட்டும், குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் உரிமம் கொடுங்கள். காலம் முடிந்ததும் எல்லாம் உங்களிடமே திரும்ப வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.